ஈன்றும் சாகாத நண்டு
(இளம் அறிவியல், விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

நண்டைப் பற்றி நம் நாட்டில் வழங்கும் நம்பிக்கைகளுள் மிகப் பழையது, அது குஞ்சு பொரித்ததும் இறந்துவிடும் என்பதாகும். சங்க நூலாகிய ஐங்குறுநூற்றில் நண்டைப் பாடுவதற்கென்றே 'கள்வன் பத்து' என்று ஒரு பகுதி உண்டு. தாய் இறக்கக் குஞ்சு பிறக்கும் என்னும் கருத்து அங்கேயே காணப்படுகிறது. பிற்கால நீதிப் பாடல்கள் நண்டு, சிப்பி, மூங்கில், வாழை ஆகிய நான்கையும் ஒன்றாக வைத்து, இவை கருவுற்றால் அழிவு நெருங்கிவிட்டது என்று கூறுகின்றன. வாழை குலை தள்ளினால் அம்மரம் அத்துடன் முடிகிறது. மூங்கிலும் பூத்துக் காய்த்தபின் மடிகிறது. ஆகவே இந்த இரண்டும் உண்மை. ஆனால் நண்டும் சிப்பியும் இவ்வரிசையில் சேர வேண்டியவை அல்ல.

இது வெறும் பழங்கதை ஆராய்ச்சி அன்று. 'முட்டையிட்டால் எப்படியும் சாகப்போகிற நண்டுதானே' என்று எண்ணுபவர் அதைப் பிடித்து விற்கத் தயங்க மாட்டார். 'இது பிழைத்திருந்தால் இன்னும் பலமுறை முட்டையிடும்' என்று அறிந்தவரோ ஒரு கணம் யோசிப்பார். அந்த ஒரு கணத்தில்தான் நண்டுப் பிடிப்பை நம்பி வாழும் கரையோர மக்களின் நாளைய பிழைப்பு அடங்கியிருக்கிறது. எனவே நண்டின் இனப்பெருக்கத்தையும் அதன் இனத்தொகை அமைப்பையும் சற்று விரிவாகக் காண்போம்.

எந்த நண்டு?

நண்டுகளில் பல இனங்கள் உள்ளன. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது பாக் நீரிணைப் பகுதியில் மிகுதியாகக் கிடைக்கும் நீலக்கால் நண்டு. மண்டபம், தொண்டி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மல்லிப்பட்டினம் முதலிய ஊர்களின் மீனவர்க்கு இது முக்கிய வருவாய். இதன் சதை பதப்படுத்தப்பட்டு வெளிநாடுகளுக்கும் செல்கிறது.

நெடுங்காலம் இதைப் போர்ட்டூனஸ் பெலாஜிகஸ் என்றே நூல்கள் குறித்தன. லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட இனம் அது. 2010இல் ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பெயருக்குள் உண்மையில் நான்கு இனங்கள் மறைந்திருப்பதாகப் பிரித்துக் காட்டினர். அதன்படி வங்காள விரிகுடாப் பக்கத்து நண்டுக்குப் போர்ட்டூனஸ் ரெட்டிகுலேட்டஸ் என்பது பெயர். வாழ்க்கை முறையில் இவை பெரிதும் ஒத்தவை. ஐந்தாம் இணைக் கால்கள் துடுப்புப் போலத் தட்டையாக இருப்பதால் இவை நன்றாக நீந்தும். வயல் நண்டிலும் கழி நண்டிலும் எளிதாக வேறுபடுத்தக் கூடியவை.

ஆணும் பெண்ணும்

இந்த இனத்தில் ஆண் பெண் வேறுபாட்டை நிறத்திலேயே காணலாம். வளர்ந்த ஆணின் கால்களும் கொடுக்குகளும் நல்ல நீலம். ஓட்டின் மேல் வெண்புள்ளிகளும் கோடுகளும் இருக்கும். பெண் பழுப்பும் பச்சையும் கலந்த மங்கல் நிறம். ஆணின் கொடுக்குகள் நீண்டவை.

நிறத்தைவிட உறுதியான அடையாளம் அடிப்பக்கத்தில் இருக்கிறது. நண்டைத் திருப்பினால் நெஞ்சுப் பகுதியோடு ஒட்டி மடிந்துள்ள ஒரு மடல் தெரியும். அதுவே நண்டின் வயிறு. இறாலில் நாம் உண்ணும் நீண்ட சதைப் பகுதியே நண்டில் இவ்வாறு சிறுத்து மடிந்துவிட்டது. ஆணில் இம்மடல் நடுவில் ஒடுங்கியது. இளம் பெண்ணில் முக்கோணம். முதிர்ந்த பெண்ணில் அகன்று வட்டமாக இருக்கும். பள்ளிக்கூடம் போகாத என் தாயார்கூடச் சந்தையில் நண்டைத் திருப்பிப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார். விலங்கியல் கூடத்தில் நாங்கள் கற்பது, அந்தப் பெண் முதிர்ந்ததா முதிராததா என்பதையும் அதே மடலைக் கொண்டு சொல்லலாம் என்ற கூடுதல் செய்தியைத்தான். முக்கோண மடலுடைய பெண் இன்னும் ஒருமுறைகூட முட்டையிடாதது. நம் கடல்களில் ஓட்டின் அகலம் ஏறத்தாழ 9 அல்லது 10 சென்டிமீட்டரை எட்டும்போது பெண் நண்டு முதிர்ச்சி அடைகிறது. வெப்பக் கடலில் இதற்கு ஓராண்டு போதும்.

சட்டை உரித்தலும் கூடலும்

நண்டின் எலும்புக்கூடு அதன் வெளியோடுதான். அந்த ஓடு வளராது. ஆகவே நண்டு வளரவேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றியே ஆகவேண்டும். இதையே சட்டை உரித்தல் என்கிறோம். புதிய ஓடு முதலில் தோல் போல மென்மையாக இருக்கும். அப்போது நண்டு நீரை உறிஞ்சி உடலைப் பெருக்கிக்கொள்ளும். பிறகு ஓடு இறுகும். எனவே நண்டின் வளர்ச்சி மரத்தின் வளர்ச்சிபோலச் சீரானது அன்று. படிக்கட்டு ஏறுவது போன்றது.

பெண் நண்டின் கூடலும் இச்சட்டை உரித்தலோடு பிணைந்தது. பெண் சட்டை உரிக்கும் பருவம் நெருங்கியதும் ஆண் அதைத் தன் உடலின்கீழ் அணைத்துப் பிடித்துக்கொண்டு சில நாட்கள் சுமந்து திரியும். பெண் சட்டை உரித்து மென்மையாக இருக்கும்போதே கூடல் நிகழும். ஓடு இறுகும்வரை ஆண் காவல் காப்பதும் உண்டு. ஆண் அளித்த விந்தைப் பெண் தன் உடலிலுள்ள விந்துப் பைகளில் சேமித்து வைக்கிறது. இச்சேமிப்பு ஒருமுறை முட்டையிடுவதோடு தீர்ந்துபோவதில்லை. ஒரே கூடலில் பெற்ற விந்தைக் கொண்டு பெண் நண்டு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை முட்டைகளைக் கருவுறச் செய்ய முடியும். தாய் ஒருமுறை ஈன்று சாகும் உயிராக இருந்தால் இத்தகைய சேமிப்புக்கே தேவை இராது.

பழைய நம்பிக்கை எப்படி எழுந்தது என்பதற்கும் சட்டை உரித்தலில் ஒரு விடை இருக்கலாம். உரித்த சட்டையில் கண், கால், கொடுக்கு எல்லாம் அப்படியே இருக்கும். உள்ளே ஒன்றும் இராது. நீர்க்கரையில் அதைக் காண்பவர், உள்ளிருந்ததைக் குஞ்சுகள் தின்றுவிட்டன என்று கருத இடமுண்டு. சங்கப் பாடல்கள் பேசுவது மருத நிலத்து வயல் நண்டை. அதன் குஞ்சுகள் முட்டையிலிருந்து சிறு நண்டுகளாகவே வெளிப்பட்டுச் சில காலம் தாயின் மடலுக்குள் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. தாயின் வயிற்றைப் பிளந்து வந்தவைபோல அவை தோன்றியதில் வியப்பில்லை.

சினை வேறு, முட்டை வேறு

நாம் வீட்டில் 'சினை' என்று விரும்பி உண்பது ஓட்டுக்குள் மஞ்சளாகவோ ஆரஞ்சு நிறமாகவோ இருக்கும் சூலகம். அது இன்னும் வெளிவராத முட்டைகளின் தொகுதி. அவை வெளிவந்து கருவுற்றபின் பெண்ணின் மடலுக்கடியிலுள்ள நான்கு இணைக் கால்களின் மயிர்களில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். மடல் விரிந்து, நண்டு ஒரு பஞ்சு உருண்டையைச் சுமப்பதுபோலக் காணப்படும். இதுவே முட்டை நண்டு.

ஒரு முட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவே. நண்டின் பருமனுக்கு ஏற்ப முட்டைகளின் எண்ணிக்கை சில லட்சங்களிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல் செல்லும். பெரிய நண்டு அதிகமாகவும் சிறிய நண்டு குறைவாகவும் இடும். வயல் நண்டின் முட்டைகளோ சில நூறுக்குள் அடங்கும். அது குஞ்சுகளைக் கூடவே வைத்துக் காக்கிறது. கடல் நண்டு அலையிடம் ஒப்படைத்துவிடுகிறது. காவல் குறைந்த இடத்தில் எண்ணிக்கை மிகுகிறது.

முட்டைத் திரளின் நிறம் ஒரு நாட்காட்டியைப் போன்றது. புதிதாக இட்ட முட்டை மஞ்சள் அல்லது ஆரஞ்சு. உள்ளிருக்கும் மஞ்சள் கருவைக் குஞ்சு உண்டு வளர வளர, திரள் பழுப்பாகிறது. குஞ்சின் கண்கள் கருத்ததும் திரள் முழுவதும் கருஞ்சாம்பல் நிறம் கொள்கிறது. அப்போது பொரிப்பதற்கு ஓரிரு நாட்களே உள்ளன என்று அறியலாம். நம் கடலின் வெப்பத்தில் இவை எல்லாம் ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாட்களில் நிகழ்ந்துவிடுகின்றன. இத்தனை நாளும் தாய் மடலை அசைத்து முட்டைகளுக்கு நல்ல நீர் பாயச் செய்கிறது. பொரித்தபின் மடலைச் சுத்தம் செய்துகொண்டு இரை தேடப் போகிறது, சாவதில்லை. ஓட்டுக்குள் அடுத்த சினை வளரத் தொடங்குகிறது.

குஞ்சின் பயணம்

பொரித்து வரும் குஞ்சு நண்டைப்போல் இராது. முதுகிலும் நெற்றியிலும் முள் நீட்டிய, கண்ணாடிபோன்ற சிற்றுயிர் அது. இதற்குச் சோயியா என்று பெயர். நான்கு முறை உருமாறி, பின் மெகலோப்பா என்னும் பருவத்தை எய்தி, அதன்பின்தான் சிறு நண்டாகிறது. இதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அதுவரை அது நீரோட்டம் கொண்டுசெல்லும் இடமெல்லாம் செல்லும். மீன்களுக்கு இரையாவது, இரை கிடைக்காமல் மடிவது, தகாத இடத்தில் ஒதுங்குவது என எல்லா ஆபத்துகளும் அதற்கு உண்டு. பிழைத்தவை கரையோரக் கடற்புல் வெளிகளில் தங்கி வளர்கின்றன. பாக் விரிகுடாவில் 2022இல் தமிழக அரசு அறிவித்த கடற்பசுப் பாதுகாப்பகம் கடற்பசுவுக்காக ஏற்பட்டதாயினும், அங்குள்ள கடற்புல் காக்கப்படுமானால் நண்டுக் குஞ்சுக்கும் அது தொட்டிலாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடலில் நண்டின் தொகை கூடாமலும் குறையாமலும் நிற்கிறது என்று கொள்வோம். அப்படியானால் ஒரு பெண் நண்டு தன் வாழ்நாள் முழுவதும் இட்ட முட்டைகளிலிருந்து சராசரியாக இரண்டு நண்டுகளே முதிர்ந்த பருவம் எய்துகின்றன. ஒன்று தாய்க்கு ஈடு, மற்றது தந்தைக்கு ஈடு. மற்ற லட்சக்கணக்கானவை வழியிலேயே போயின.

'லட்சம் முட்டையிடும் உயிருக்கு அழிவேது?' என்று கேட்பவர்க்கு இக்கணக்கே விடை. லட்சம் என்பது செல்வம் அன்று, ஆபத்தின் அளவு. மேலும், ஒரு தடவை பொரித்த குஞ்சுகள் எல்லாம் ஒரே நீரோட்டத்தில் சிக்கி வீணாகலாம். அடுத்த தடவை பொரித்தவற்றுள் சில கடற்புல்லை அடையலாம். தாய் பலமுறை முட்டையிடுவது இத்தகைய தோல்விகளுக்கு எதிரான காப்புறுதி. முதல் முட்டைத் திரளோடு அதைப் பிடித்துவிட்டால், இழப்பது அந்தத் திரளை மட்டும் அன்று. இனி வரவிருந்த எல்லாத் திரள்களையும்தான்.

நண்டின் வயதை அறிவது எப்படி?

மீனின் செதிலிலும் காதுக்கல்லிலும் உள்ள வளையங்களைக் கொண்டு அதன் வயதைக் கணிக்கிறார்கள். நண்டோ தன் ஓட்டை அடிக்கடி கழற்றி எறிந்துவிடுகிறது. வயது எழுதிய ஏட்டையே கிழித்துப் போட்டுவிடுகிறது எனலாம். ஆகவே வேறு வழி தேவைப்படுகிறது. 1890களில் டென்மார்க் நாட்டு அறிஞர் பீட்டர்சன் மீன்களுக்காகக் கையாண்ட முறை இங்கே உதவுகிறது.

பிடிபட்ட நண்டுகளின் ஓட்டு அகலத்தை ஒவ்வொன்றாக அளந்து, அரை சென்டிமீட்டர் இடைவெளியில் வகுப்புகளாகப் பிரித்து, வகுப்புக்கு எத்தனை என்று வரைபடம் வரைய வேண்டும். ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை ஒத்த அளவில் இருக்குமாதலால், வரைபடத்தில் மேடுகள் தோன்றும். ஒவ்வொரு மேடும் ஒரு தலைமுறைக் கூட்டம். மாதந்தோறும் இதைச் செய்தால் மேடு வலப்பக்கம் நகர்வதைக் காணலாம், அதுவே வளர்ச்சி. எந்த மாதத்தில் சிறு நண்டுகளின் புதிய மேடு இடப்பக்கம் தோன்றுகிறதோ அதுவே புதிய வரவின் காலம்.

இத்துடன் ஆண் எத்தனை, பெண் எத்தனை, பெண்களில் முட்டை சுமப்பவை எத்தனை என்பதையும் குறித்துக்கொண்டால் இனத்தொகையின் அமைப்பு முழுவதும் கிடைத்துவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை. வலையின் கண் பெரிதாக இருந்தால் சிறியவை தப்பிவிடும். வரைபடத்தில் அவை இல்லை என்பதால் கடலிலும் இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. முட்டை நண்டுகள் பொரிக்கும் காலத்தில் ஆழமான பகுதிக்கு நகர்வதால், கரையருகே ஆண்களே மிகுதியாகப் பிடிபடலாம். ஆகவே பலவகை வலைகளிலிருந்தும் பல ஆழங்களிலிருந்தும் எடுத்துப் பார்ப்பதே முறை.

வரைபடம் சொல்லும் எச்சரிக்கை

ஓர் இனத்தை மிகுதியாகப் பிடிப்பதில் இருவகை உண்டு. ஒன்று, வளரவிடாமல் பிடித்தல். இன்னும் சில மாதம் விட்டால் இருமடங்கு எடை வரக்கூடிய நண்டைச் சிறிதாகவே பிடிப்பது இது. இதில் நஷ்டம் எடையில்தான். மற்றொன்று, பெருகவிடாமல் பிடித்தல். தாய்கள் முட்டையிடுமுன்னும் முட்டையோடும் பிடிபட்டு, புதிய வரவே குறைந்துபோவது இது. இது வித்துநெல்லைச் சமைத்து உண்பதற்கு ஒப்பு.

முதல் வகையில் வரைபடத்தின் வலப்பக்கத்து மேடுகள் கரையும். பெரிய நண்டுகள் அரிதாகும். அதிக முட்டையிடும் பெரிய தாய்களே முதலில் மறைவதால், முதல் வகை மெல்ல இரண்டாம் வகையாக மாறும். அப்போது இடப்பக்கத்து மேடும் சிறுக்கும்.

இது வெறும் அச்சம் அன்று. மும்பைக் கடற்பகுதியில் தட்டை உடலுடைய மணல் சிங்கி இறால் ஒருகாலத்தில் இழுவைப் படகுகளில் நன்றாகக் கிடைத்தது. முட்டை சுமந்த பெண்களும் ஏராளமாகப் பிடிபட்டு வந்தன. 1980களின் பிற்பகுதியிலிருந்து பிடிப்பு விழுந்து, 1994இல் அத்தொழிலே இல்லாமற் போயிற்று. நண்டைப்போலவே முட்டையை வயிற்றுக் கால்களில் சுமக்கும் உயிர் அது. இறாலோ முட்டையைச் சுமப்பதில்லை. நேரே கடலில் விட்டுவிடுகிறது. சுமக்கும் இனங்களில் தாய் பிடிபட்டால் முட்டையும் கூடவே பிடிபடுகிறது என்பதை மறக்கலாகாது.

சட்டமும் நண்டும்

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. 2001 முதல் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் 45 நாள் தடைக்காலம் நடைமுறைக்கு வந்து, 2017இல் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளாக நீட்டிக்கப்பட்டது. இது மிக நல்ல ஏற்பாடு. ஆயினும் நண்டின் இயல்பை நோக்கும்போது ஒரு குறை தெரிகிறது. குளிர் நாடுகளில் நண்டுக்கு முட்டையிடும் பருவம் என்று குறிப்பிட்ட மாதங்கள் உண்டு. நம் வெப்பக் கடலில் முட்டை நண்டு ஆண்டு முழுவதும் காணப்படுகிறது. சில மாதங்களில் கூடுதல், அவ்வளவே. மேலும் தடை விசைப்படகுகளுக்கே உரியது. நண்டு வலை பெரும்பாலும் சிறு படகுகளில் செல்கிறது. எனவே காலத்தைக் காப்பதோடு தாயையும் காக்க வேண்டியிருக்கிறது.

பிற இடங்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இவ்வகை நண்டில் பெண்ணைப் பிடித்துவைத்துக்கொள்ளவே கூடாது. நம் நாட்டிலேயே 2003இல் சிங்கி இறால் ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை நிர்ணயிக்கப்பட்டது. இதே மன்னார்க் கடலில் சங்கு குளித்த காலத்தில் குறிப்பிட்ட அளவுள்ள வளையத்தில் சங்கை நுழைத்துப் பார்த்து, சிறியவற்றை உயிரோடு கடலில் விடும் முறையும் இருந்தது. அளந்து விடுதல் நம் கரைக்குப் புதிய வழக்கம் அன்று.

ஆனால் மீனவர் பக்கத்து நியாயத்தையும் பார்க்கவேண்டும். வலையில் சிக்கிய நண்டைக் காலொடியாமல் எடுக்க நேரமாகும். எண்ணெய்க்கும் வலைக்கும் வாங்கிய கடன் காத்திருக்கும். முட்டை நண்டும் எடையில் சேர்ந்தே விலைபோகும். 'கடலில் விட்டுவிடு' என்று கரையில் நிற்பவர் சொல்வது எளிது.

இங்கே தாய்லாந்து மீனவர்கள் நடத்தும் 'நண்டு வங்கி' கவனிக்கத்தக்கது. வலையில் வந்த முட்டை நண்டுகளை உயிரோடு கூண்டிலோ தொட்டியிலோ ஒப்படைக்கிறார்கள். முட்டைகள் பொரித்துக் குஞ்சுகள் கடலில் சேர்ந்தபின்னரே தாய் விற்பனைக்குப் போகிறது. முட்டைத் திரளின் நிறம் நாட்காட்டி என்று மேலே கண்டோம். கருத்த திரளுடைய நண்டு ஓரிரு நாள் காத்திருந்தால் போதும். மஞ்சள் திரளுக்கும் பத்து நாளுக்கு மேல் வேண்டாம். தாயைக் கடலிலேயே விடுவது இதைவிடச் சிறந்தது என்பதில் ஐயமில்லை; அதுவே அடுத்தடுத்த திரள்களையும் தரும். ஆயினும் ஒன்றுமே செய்யாதிருப்பதைவிட, ஒரு திரளையாவது கடலுக்குத் திருப்பித் தருவது எவ்வளவோ மேல்.

முடிவுரை

நண்டு ஈன்று சாகும் உயிர் அன்று. விந்தைச் சேமித்து, மீண்டும் மீண்டும் முட்டையிட்டு, தோல்விகளுக்கிடையே தன் இனத்தை நிலைநிறுத்தும் உயிர். அது ஈன்றபின் இறப்பது இயற்கையால் அன்று. பெரும்பாலும் நம் கையால். இதற்குச் சட்டம் ஒருபுறம் வரட்டும். வாங்குபவராகிய நாமும் இரண்டு செயல்களை இன்றே தொடங்கலாம். அடிமடல் முக்கோணமாக உள்ள இளம் பெண் நண்டை வாங்காதிருக்கலாம். வெளியே முட்டை சுமந்த நண்டை விலை கொடுத்து ஊக்குவிக்காதிருக்கலாம். விலங்கியல் பயிலும் மாணவர்கள் இன்னும் ஒருபடி மேலே சென்று, ஓர் அளவுகோலும் ஒரு குறிப்பேடும் கொண்டு தம் ஊர்ச் சந்தைக்கு வரும் நண்டுகளை மாதந்தோறும் அளந்து எழுதிவரலாம். ஓராண்டு தவறாமல் எழுதினால் அந்த ஏடு நம் கரையின் நண்டுக்கு ஒரு சாதகமாக அமையும். அதைப் பார்த்து ஆவன செய்வதற்கு இன்னும் காலம் இருக்கிறது.